நீருக்கடியில் கேமராவா, இடுப்பில் சென்சாரா?

பிரீஸ்டைல் நீச்சலில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன என்பதை அளக்க எங்கள் ஆய்வுக் குழுவுக்குக் கருவி தேவைப்பட்டது. கையிலிருந்த நிதிக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும்: நீருக்கடியில் பொருத்தும் கேமராக்கள் அல்லது உடலில் கட்டும் சென்சார்கள். கேமராவை எடுத்தோம். கருத்தரங்கில் இதைச் சொன்னால் பழைய காலத்து ஆட்கள் என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

விலை, எடை, எடுத்துச் செல்லும் வசதி மூன்றிலும் சென்சாருக்கே வெற்றி. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் அடங்கிய சின்னஞ்சிறு பெட்டியை இடுப்பின் பின்புறம் கட்டிவிட்டால், ஒரு பயிற்சி நேரம் முழுவதற்கும் கைவீச்சு எண்ணிக்கை, திரும்பிய நேரம், சுவரை உதைத்த வேகம் எல்லாம் பதிவாகிவிடும். ப்ளூடூத் அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் நீரில் இருக்கும்போதே பார்க்க முடியாது. கரையேறிய பிறகுதான் தரவை இறக்க வேண்டும். அது ஒரு குறையே அல்ல. உண்மையான தொல்லை, முடுக்கத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும்போது சேரும் பிழை. மாறாத சிறு பிழை ஒன்று இருந்தாலும் வேகத்தில் அது நேரத்தோடு வளரும், தூரத்தில் நேரத்தின் வர்க்கத்தோடு வளரும். குளத்தின் நீளம் 25 அல்லது 50 மீட்டர் என்பது தெரிந்ததுதானே. ஒவ்வொரு சுவரிலும் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். ஆகவே இதற்காக மட்டும் சென்சாரை ஒதுக்க மாட்டேன்.

கேமராவின் தொல்லை வேறு வகை: உழைப்பு. வேகமாக நீந்தும் ஒருவரின் ஒரு முழுக் கைச்சுழற்சி ஏறத்தாழ 1.2 விநாடி. விநாடிக்கு 50 ஃபிரேம் என்றால் 60 ஃபிரேம்கள். நான்கு கேமராக்கள், உடலில் 18 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு சுழற்சிக்கு 4,320 முறை சுட்டியை அழுத்த வேண்டும். நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33 என்பதால் தட்டையான கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கேமராவுக்கு எல்லாம் அருகில் வந்ததுபோல் தெரியும். அதை நேர்செய்ய, அளவு தெரிந்த சட்டகம் ஒன்றை நீரில் இறக்கி முதலில் படமெடுத்தாக வேண்டும். போதாததற்கு, கை நீருக்குள் நுழையும் கணத்தில் குமிழிகள் விரல்களை மூடிவிடும். மாணவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் கேமரா? நீந்தி முடித்த பிறகு தோன்றும் கேள்விக்கும் அது பதில் சொல்லும் என்பதால். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

இந்தத் துறையின் வரலாற்றையே பாருங்கள். ஒலிம்பிக் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸின் பயிற்சியாளரான இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கவுன்சில்மேன், வீரர்களின் கையில் விளக்கைப் பொருத்தி இருட்டில் நீந்தவைத்துப் படமெடுத்தார். துடுப்பைப்போல் கை நேராகப் பின்னோக்கித் தள்ளுகிறது என்ற நம்பிக்கை அந்தப் படங்களில் உடைந்தது. கை வளைந்து வளைந்து சென்றது. விமான இறக்கையில் எழும் தூக்குவிசைதான் இங்கும் உடலை முன்னே செலுத்துகிறது என்று 1971-இல் அவர் வாதிட்டார். பயிற்சியாளர்கள் பல ஆண்டுகள் அந்த வளைவைக் கற்றுக்கொடுத்தார்கள். 1993-இல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹேயும் சகாக்களும் வேறொன்றைக் கேட்டார்கள்: அந்த வளைவில் கை தானாகச் செய்வது எவ்வளவு, உடல் பக்கவாட்டில் உருள்வதால் வருவது எவ்வளவு? கணிசமான பங்கு உருள்வதிலிருந்தே வரக்கூடும் என்று தெரிந்தது.

மணிக்கட்டில் மட்டும் சென்சார் கட்டி நீந்தியிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. கையின் அசைவையும் உடலின் உருளலையும் பிரிக்க மார்பிலோ முதுகிலோ இன்னொன்று வேண்டும். அது வேண்டும் என்று முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். காணொளியில் உடல் முழுவதும் இருக்கிறது. எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. கைகளுக்கு இடையிலான கால இடைவெளியைப் பார்க்கத்தான் தொடங்கினோம். 2000-இல் ஆய்வாளர் டிடியே ஷோலேயின் குழு வகுத்த, அந்த இடைவெளியை ஓர் எண்ணாகச் சொல்லும் குறியீடு அதற்கு உண்டு, முன்கைகளில் கட்டிய சென்சாராலும் அதைக் கணிக்கலாம். பிறகு முழங்கை மடிப்பு பற்றிய சந்தேகம் எழுந்தபோது, யாரையும் மறுபடி நீந்தச் சொல்லாமல் பழைய பதிவுகளையே திறந்தோம்.

இன்னொன்று. இடுப்பு என்பது உடலின் நிறை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கணக்கில் கொள்ளும் புள்ளி, அல்ல. கைகால்கள் நகர நகர, நிறை மையமும் உடலுக்குள் இடம் மாறும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கால்களை மடக்கி உதைக்கும்போது இடுப்பின் வேகம் ஏறி இறங்குவதும் நிறை மையத்தின் வேகம் ஏறி இறங்குவதும் ஒன்றல்ல. இடுப்பு சென்சார் தருவது இடுப்பின் கதையை மட்டுமே. எண் விசித்திரமாக வந்தால் காரணம் உடலா, தளர்ந்த பட்டையா என்று பின்னோக்கிப் பார்க்கவும் வழியில்லை.

விசை வேண்டுமென்றால் இரண்டுமே நேரடியாகத் தராது. 1980-களில் ஆம்ஸ்டர்டாமில் நீருக்கடியில் வரிசையாகப் பலகைகளைப் பொருத்தி, அவற்றைக் கையால் தள்ளி நீந்தச் செய்து எதிர்விசையை அளந்தார்கள். கால்களுக்கிடையே மிதவை, பிரீஸ்டைல் கைவீச்சு மட்டும் என்ற வரம்புகள் அதற்கு உண்டு. அது தனி உலகம்.

மூட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்த 4,320 அழுத்தல்களை மிச்சப்படுத்துமே என்று கேட்பீர்கள். கொஞ்சம்தான் பயன்படுத்தியிருக்கிறோம், குமிழிகள் மூடும் இடத்தில் தடுமாறியது. அதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். பட்டர்ஃபிளையிலும் எங்கள் அனுபவம் மெலிந்தது.

ஒரு குளம் நிறையப் பிள்ளைகளைத் தினமும் பழக்கும் பயிற்சியாளர் கேட்டால், யோசிக்காமல் சென்சாரை வாங்கச் சொல்வேன். அவருக்கு விடை இன்று மாலையே வேண்டும். ஆய்வுக்காகக் கேமரா வாங்குபவர்கள் சட்டகத்தின் பதிவை நீச்சல் பதிவோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். கேமராவை யாராவது இடறினால் சட்டகத்தை மறுபடியும் இறக்கிப் படமெடுங்கள். அந்தப் பதிவு தொலைந்தால், எவ்வளவு தெளிவான காணொளியானாலும் அதிலிருந்து நம்பகமாக ஒரு மீட்டரைக்கூட அளக்க முடியாது.