கடைக்குப் பத்தடி மீன் தொட்டி: முழுக் கண்ணாடியா, ப்ளையா, கான்கிரீட்டா?

துணிக்கடைக்கோ ஓட்டலுக்கோ பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் தொட்டி கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எது மலிவு என்றுதான். அதற்கு முன்பே உயரமும் தரையும் முடிவாக வேண்டும். இவை இரண்டும் முடிவானால் எந்தப் பொருள் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

தண்ணீர் இரண்டரை அடி நின்றால் முன்கண்ணாடியைத் தள்ளும் விசை சுமார் 880 கிலோ. மூன்றடி நின்றால் அது 1,270 கிலோ. அரையடிதான் கூடுகிறது, விசையோ நூற்றுக்கு 44 ஏறிவிடுகிறது. பாதுகாப்புக் கெழு 3.8 என்று, அதாவது வரும் அழுத்தத்தைப் போல 3.8 மடங்கைக் கண்ணாடி தாங்க வேண்டும் என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டரை அடிக்கு 19 மி.மீ. சாதாரண ஃப்ளோட் கண்ணாடி (பதப்படுத்தாத கண்ணாடி) போதும். மூன்றடிக்கு 24 மி.மீ. அளவுக்குப் போக வேண்டும். விலையும் தூக்குகூலியும் எங்கேயோ போய்விடும். மேலிருந்து கைவிட்டு அடிமணலைச் சுத்தம் செய்யவும் இரண்டரை அடிதான் எல்லை. அரோவானா போன்ற நீளமான பெரிய மீன் வளர்ப்பவருக்கும் உயரத்தைவிட மீன் திரும்புவதற்கான அகலமே முக்கியம். ஆகவே இங்கே எல்லாக் கணக்கும் 10 × 3 × 2.5 அடிக்கு: 75 கன அடி, சுமார் 2,120 லிட்டர்.

அடுத்தது தரை. கண்ணாடித் தொட்டி, ஸ்டாண்ட், மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 3 டன் வரும். முப்பது சதுர அடியில் அது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. சில்லறைக் கடைத் தளத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ; வீட்டு அறைக்கு அதில் பாதி. மாடியில் வைப்பதானால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கவே கூடாது.

முழுக் கண்ணாடி

வாடகைக் கடைக்கு இதுதான் சரி. கடையைக் காலி செய்யும்போது கண்ணாடிகளைச் சேர்க்கும் சிலிக்கான் ஒட்டைக் கத்தியால் அறுத்துப் பிரித்து எடுத்துப் போகலாம். 19 மி.மீ. கண்ணாடி ஐந்தும் சேர்ந்து சுமார் 420 கிலோ. முன்கண்ணாடி மட்டும் 110 கிலோ. தொட்டியை இருக்கும் இடத்திலேயே, ஸ்டாண்டின் மேலேயே ஒட்ட வேண்டும். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் ஒட்டி வாங்கி லாரியில் கொண்டுவருவது நாலடித் தொட்டிக்குச் சரி, இதற்கு ஆகாது.

டஃப்பன்டு கண்ணாடி (சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துப் பதப்படுத்தியது) வலுவானது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் ஓரத்தில் ஓர் அடி பட்டால் மொத்தமும் பொடியாகி இரண்டாயிரம் லிட்டரும் ஒரே நொடியில் கடைக்குள் வந்துவிடும். பதப்படுத்திய பிறகு அதில் துளையும் போட முடியாது. சாதாரண ஃப்ளோட் கண்ணாடியில் பெரும்பாலும் ஒரு விரிசலோடு நிற்கும். வடிக்க நேரம் கிடைக்கும்.

ஒட்டும் சிலிக்கான் பசை, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக, வினிகர் வாடை வரும் வகையாக இருக்கட்டும். பாத்ரூம் சிலிக்கானில் உள்ள மருந்து மீனைக் கொன்றுவிடும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி நிற்கும்படி சின்னத் துண்டுகள் வைத்து ஒட்ட வேண்டும். இறுக்கி அழுத்தினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். சிலிக்கான் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே இறுகுகிறது; 19 மி.மீ. அகல ஒட்டுக்கு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். ஒரு மூலை கசிந்தால் மேலே புதுப் பசை பூசிப் பயனில்லை, பழைய சிலிக்கான்மேல் புதுசு பிடிக்காது. அந்த ஒட்டை முழுக்கச் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும். கணக்குப்படி 19 மி.மீ. தாங்கும் என்றாலும் மேல்விளிம்பில் இரு நீளப் பக்கமும் 4 அங்குலக் கண்ணாடிப் பட்டையும் குறுக்கே இரண்டு பட்டையும் போடுங்கள்.

ப்ளைவுட், முன்னால் மட்டும் கண்ணாடி

கண்ணாடிச் செலவு வெகுவாகக் குறைவதால் பலருக்கும் ஆசை வரும். ஐ.எஸ். 710 (மெரைன் ப்ளைக்கான இந்தியத் தர விதி) முத்திரையுள்ள 18 மி.மீ. மெரைன் ப்ளை தவிர வேறு எதுவும் கூடாது. சிக்கல் ஷீட்டின் அளவில்தான்: கடையில் கிடைப்பது 8 × 4 அடி. பத்தடிக்கு இரண்டு அடுக்கு போட்டு, ஒட்டு ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் இரண்டடி தள்ளி அமைத்து, நடுவே எபாக்ஸிப் பசை தடவி, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட வேண்டும். எட்டடியோடு நிறுத்திக்கொண்டால் இந்த வேலையே இல்லை.

தொட்டி கெடுவது பெரும்பாலும் மூலையில்தான். தண்ணீர் நிரம்பியதும் ப்ளை சற்றே வளையும். வெறும் பூச்சு அங்கே மயிரிழையாக வெடிக்கும். தண்ணீர் ப்ளையின் விளிம்பு வழியே ஏறி உள்ளேயே ஊறும். வெளியே உப்பல் தெரியும்போது பலகை மக்கியிருக்கும். மூலைகளை எபாக்ஸிக் களிம்பால் வளைவாக நிரப்பி, இரண்டு அடுக்கு ஃபைபர் துணி ஒட்டி, அதன்மேல் குடிநீர்த் தொட்டிக்கான எபாக்ஸி மூன்று கோட் அடித்தால்தான் நிற்கும். கூடவே கரையான். நம் ஊரில் இந்த வழியை நாங்கள் கடைசியாகத்தான் சொல்வோம்.

கான்கிரீட், முன்னால் கண்ணாடிச் சன்னல்

சொந்தக் கட்டடம், தரைத்தளம் என்றால் இதுவே உறுதி. 4 அங்குல ஆர்.சி.சி. சுவரும் அடித்தளமும் மட்டும் 2 டன்னை நெருங்கும். தண்ணீரோடு 4 டன். சன்னல் கண்ணாடி நான்கு பக்கமும் சட்டத்தில் சாய்ந்து நிற்பதால் இரண்டடி உயரத்துக்கு 15 மி.மீ. போதும். கண்ணாடியை உள்பக்கத்திலிருந்து, சட்டத்தின்மேல் குறைந்தது 2 அங்குலம் படியும்படி வையுங்கள். தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். வினிகர் வாடை சிலிக்கான் இங்கே உதவாது. அதிலிருந்து வரும் அமிலம் சிமெண்டை அரித்து ஒட்டைப் பெயர்த்துவிடும்; நியூட்ரல் வகையே வேண்டும்.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மை கடுமையாக ஏறும், மீன் தாங்காது. 28 நாள் க்யூரிங் முடித்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி பூசுங்கள். ஈரச் சுவரில் பூசினால் கொப்புளம் விட்டு உரியும்.

அக்ரிலிக் எடை பாதிதான், தெளிவும் அதிகம். ஆனால் விலை பல மடங்கு, துடைக்கும் துணியில் ஒரு மணல் இருந்தாலும் கீறல் விழும். வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்கும் கடைக்கு வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் மாறாத சில

கண்ணாடித் தொட்டியின் ஸ்டாண்டுக்கு 2 அங்குலச் சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், இரண்டரை அடிக்கு ஒரு கால். காலுக்கடியில் இரும்புத் தகடு, இல்லையேல் டைல்ஸ் வெடிக்கும். மேலே 18 மி.மீ. ப்ளை, அதன்மேல் தெர்மாகோல். ஓவர்ஃப்ளோ துளைகளை, அதாவது மிகுதித் தண்ணீர் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும் துளைகளை, ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கரண்ட் போய் பம்ப் நின்றால் ஓவர்ஃப்ளோ விளிம்புவரை தண்ணீர் கீழே சம்ப்புக்கு வடியும். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 71 லிட்டர். சம்ப்பில் எப்போதும் அதற்கு இரண்டு மடங்கு காலி இடம் இருக்க வேண்டும். கடை பூட்டிய பிறகு இரவில் கரண்ட் போய்த் தரையெல்லாம் தண்ணீர் நிற்பதற்கு வழக்கமான காரணம் சின்ன சம்ப்தான்.

சோதனைக்கு ஒரே நாளில் நிரப்பாதீர்கள். கால் பங்கு நிரப்பி ஒரு நாள், பாதி நிரப்பி ஒரு நாள், முழுதாக ஒரு வாரம். ஒவ்வொரு கட்டத்திலும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் நூல் பிடித்து வளைவை அளந்து எழுதி வையுங்கள். முழுதாக நிரப்பிய பின் அந்த அளவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் பட்டையோ ஒட்டோ விடுகிறது, உடனே வடித்துவிடுங்கள்.