மூன்று மாசி பார்த்த 8×42 பைனாகுலர்: கண்ணாடி தங்கம், வளையம் தகரம்

பைனாகுலர் சர்வீஸிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இதற்கிடையே கடையில் விலையும் இறங்கிவிட்டது. "இப்போது வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்காக இது. பிராண்டைக் கேட்காதீர்கள்.

பயன்பட்ட இடம் கோடியக்கரையும் வேதாரண்யம் உப்பளங்களும். காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை, வலசை வந்த பறவைகள் வடக்கே கிளம்பும் நேரம். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வாரத்துக்கு வாரம் குறையும். சிறிய மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்பட்டை ஏறத் தொடங்கும். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கையளவுப் பறவையில் அந்தச் செம்மை வந்துவிட்டதா, இல்லையா என்பதில்தான் கண்ணாடியின் தரம் தெரியும்.

அதில் குறையே இல்லை. முன்லென்ஸின் அகலமான 42 மி.மீ.-ஐ, பெரிதாக்கும் மடங்கான 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 தான். வட்டம் பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் படம் பிரகாசம். காலை ஆறேகால் மணிச் சாம்பல் வெளிச்சத்தில் பறந்து திரும்பும் உள்ளான் கூட்டத்தில், வாலுக்குச் சற்று மேலே பிட்டம் வெள்ளையாக இருப்பது வளைமூக்கு உள்ளான் என்று பிரிக்க முடிகிறது. பருவம் தப்பிய மழையில் நனைந்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

இனி அந்த வளையம். இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்ய வலக்கண் பக்கம் இருக்கும் டயாப்டர் வளையத்துக்குப் பூட்டு கிடையாது. பையிலிருந்து எடுக்கும்போது துணி உரசினாலே நகரும். சர்வீஸில் கெட்டியான கிரீஸ் போட்டு அனுப்பினார்கள். காலைக் குளிரில் இறுக்கமாக நிற்கிறது. பதினோரு மணி வெயிலில் கிரீஸ் இளகியதும் பழைய குருடி கதவைத் திறடி.

நகர்ந்தது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. இடக்கண் சமாளித்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி வரும். மாசியில் படம் மங்கக் காரணங்களுக்கா பஞ்சம்? மாசிப் பனி மச்சையே துளைக்கும், லென்ஸ் எம்மாத்திரம். அதனால் பழியை வானிலை மேல் போட்டுவிடுவோம். பிரித்தறிய வழி இருக்கிறது: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வலப்பக்கம் மட்டும் மங்கல், குவியச் சக்கரத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம் தெளிகிறது என்றால் வளையம். பால் போல் வெளுத்திருந்தால் கண் பக்க லென்ஸில் ஈரம். ரப்பர் கிண்ணத்தை ஒரு படி இறக்கிக் காற்று புக விடுங்கள். படம் நெளிந்தால் அது கானல். உப்பளத்தில் ஒன்பதரைக்கு மேல் எந்தக் கண்ணாடியும் அதற்குத் தப்பாது, 10× என்றால் நெளிவும் பெரிதாகத் தெரியும். துடைத்தும் போகாத ஆவி உள்ளே நின்றால் சீல் போய்விட்டது, சர்வீஸ்தான்.

வளையத்துக்கு நான் செய்திருப்பது இவ்வளவுதான். ஐம்பது மீட்டர் தள்ளி, எழுத்துள்ள பலகை ஒன்றைப் பாருங்கள். வலது முன்லென்ஸை உள்ளங்கையால் மறைத்து, இரு கண்ணும் திறந்தபடி நடுச் சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மறைத்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி. மேலே ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டிய சைக்கிள் டியூப் துண்டை, பாதி வளையத்திலும் பாதி குழலிலும் படும்படி மாட்டுங்கள். நழுவாது.

உப்புக்காற்றில் சட்டை நுனியால் துடைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் ஊதி, பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் ஈரத் துணி. வீட்டில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பா. பூஞ்சை பிடித்தால் லென்ஸின் மேல்பூச்சையே அரித்துவிடும்.

வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு நல்ல கண்ணாடியைச் செய்தவர்களுக்கு ஒரு பூட்டு வைக்கத் தோன்றவில்லை என்றால், விலை இறங்கியது நமக்கென்ன சலுகை? கடையில் வேறு எதை எடுத்தாலும் வளையத்தைச் சுண்டுவிரலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் கீழே வையுங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், கொடுப்பதாக இல்லை. டியூப் துண்டு தளர்ந்திருக்கிறது, பங்குனிக்குள் புதிதாக ஒன்று வெட்ட வேண்டும்.