விடிய விடிய ஆடிய கூத்தை இறுவட்டில் அடக்குதல்: டிவிடி ஸ்டைலர் மென்பொருள் பற்றி

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் விடிய விடிய ஆடப்படும், நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தைக் கமராவில் பதிவுசெய்தால், காலையில் கையில் இருப்பது ஒரே படமல்ல, பல துண்டுகள். எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் அமைந்த மெமரி கார்டில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், கமராவே பதிவை வெட்டிவிடுகிறது. அந்தத் துண்டுகளை வரிசை குலையாமல் சேர்த்து, ரிமோட்டால் தெரிவுசெய்யக்கூடிய மெனுவுடன் டிவிடி இறுவட்டாக்குவதற்கு, விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இலவசமாக இயங்கும் டிவிடி ஸ்டைலரை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கூத்துப் பழக்கும் ஆசிரியர்களான வயது முதிர்ந்த அண்ணாவிமார் பலரது வீடுகளில் இன்னமும் டிவிடி பிளேயர்தான் ஓடுகிறது. அவர்கள் பார்க்க முடியாத பதிவால் பயன் குறைவு.

இம்மென்பொருளின் சிறப்பு, துண்டுகளைச் சேர்க்கும் முறையில் இருக்கிறது. கோப்புகளை வெறுமனே இழுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் தனித் தலைப்பாகிவிடும், அதாவது தனிப் படமாகிவிடும். ஒன்று முடிந்ததும் படம் மெனுவுக்குத் திரும்பும். கொலுவரவு, அதாவது பாத்திரம் சபைக்கு வரும் ஆட்டம், பாதியில் அறுந்து மெனு வந்து நிற்பதைக் கூத்துச் சுவை அறிந்த எவரும் பொறுக்கமாட்டார். அதற்குப் பதிலாக, அடுத்த துண்டை முதல் தலைப்பின் அத்தியாயமாகச் சேர்க்கும் தெரிவைப் பயன்படுத்தினால், எல்லாம் ஒரே தலைப்பாகத் தொடர்ந்து ஓடும். பின்னர் அத்தியாய நேரங்களைக் கையால் குறித்து, கட்டியகாரன் வரவு, அரசன் வரவு, போர் என ஒவ்வொன்றுக்கும் மெனுவில் ஒரு பொத்தான் வைக்கலாம். சம இடைவெளிகளில் தானாக அத்தியாயம் பிரிக்கும் வசதியும் இருக்கிறது என்றாலும், கூத்துக்கு அது உதவாது; வரவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை ஆட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும்.

வேலையைத் தொடங்கும்போதே ‘பால்’ (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறையைத் தெரிவுசெய்வது அவசியம். இலங்கையின் தொலைக்காட்சி முறை அதுவே: 720 × 576 புள்ளிகள், செக்கனுக்கு 25 பிரேம்கள். கைப்பேசியில் 30 பிரேமில் எடுத்த படத்தை இதற்கு மாற்றும்போது ஆறு பிரேம்களில் ஒன்று கைவிடப்படும். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் படத்தில் இது பெரிதாகத் தெரியாது. தாளக்கட்டுக்கு ஏற்ப விரைந்து கால் மாற்றும் ஆட்டத்தில் காலடி தத்தித் தத்தி விழுவது கண்ணுக்கு நன்றாகவே புலப்படும். எந்த மென்பொருளும் இதை முற்றாகத் தீர்க்காது. பதிவையே 25 அல்லது 50 பிரேமில் எடுக்கவேண்டும்.

அடுத்து, கொள்ளளவு. சாதாரண டிவிடி இறுவட்டு 4.7 ஜிகாபைட் கொள்ளும். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஒலியையும் சேர்த்துச் செக்கனுக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் தரவு கிடைக்கிறது. நான்கு மணி நேரத்தைத் திணித்தால் அது பாதியாகும். இரவுக் களரியின் (ஆடுகளத்தின்) இருட்டும் உடுப்புகளின் மினுக்கமும் சேரும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எத்தனை நிமிடங்கள் நிரம்பின என்பதைத் திரையின் அடிப்பட்டி காட்டிக்கொண்டே இருப்பதால், எந்த இடத்தில் அடுத்த வட்டுக்கு மாறுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். முழுக் கூத்துக்கு நான்கு வட்டுகள் ஆனாலும் ஆகட்டும். முகம் தெரியாத ஒரு வட்டைவிட அது மேல்.

ஒலியிலும் கஞ்சத்தனம் கூடாது. பிட் வீதம், அதாவது செக்கனுக்கு ஒதுக்கும் தரவின் அளவு, குறைந்தால் சல்லரி என்ற கைத்தாளத்தின் ஓசை கரகரத்து, மத்தளத்தின் அடியையும் பிற்பாட்டுக்காரரின் குரலையும் கெடுக்கிறது. அமைப்புப் பகுதியில் ஒலியின் வீதத்தைக் கூட்டிவிடுவதற்குச் சிறிதளவு இடமே செலவாகும்.

மெனு வடிவமைப்பில்தான் எனக்கு மனக்குறை. கூடவே வரும் மாதிரிகள் பழைய பாணியிலானவை. கூத்துக்குப் பொருந்துவது அவற்றில் எதுவுமில்லை. களரிப் படம் ஒன்றின் மேல் தமிழ்த் தலைப்புகளை வேறொரு பட மென்பொருளில் எழுதி, அதைப் பின்னணியாக இட்டு, பொத்தான்களை வெறும் சட்டங்களாக வைப்பதே நல்ல வழி. எழுத்தின் கொம்பும் காலும் பிசகாது, விரும்பிய எழுத்துருவும் அமையும். பழைய குழாய்த் தொலைக்காட்சி ஓரங்களை வெட்டிவிடும் என்பதால், பொத்தான்களை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள்.

மெனுவை உடனுக்குடன் இயக்கிப் பார்க்க வழியில்லாததும் குறையே. படத்தை மாற்றும் வேலைக்கோ, பழைய கணினியில் ஓர் இரவே போய்விடும். ஆகவே நேரடியாக வட்டில் எழுதாமல், முதலில் வட்டின் முழு உள்ளடக்கத்தையும் அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாக உருவாக்கி, விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். துண்டுகள் ஒட்டிய இடங்களில் தாளம் தவறுகிறதா என்பதைக் காதால் கேட்டே உறுதிசெய்யவேண்டும். எல்லாம் சரியென்றால், அதே கோப்பிலிருந்து எழுதும் வேகத்தைக் குறைத்து, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் வட்டுகளில் எழுதிக் கொடுக்கலாம்.