தீப்பிடிக்காத மரம் என்று சொன்னால் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

போடியிலிருந்து குரங்கணி போகிற பாதையில், மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பும் அதற்குள் ஓட்டு வீடும் இருக்கின்றன. தோப்பு முடிகிற இடத்தில் முள்வேலி. அதற்கு மேல் கேரள எல்லை வரைக்கும் புல்லும் காடுமாக மலைச்சரிவு. மாசி, பங்குனியில் அந்தச் சரிவில் புகை தெரியாத வருஷமே கிடையாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலே மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு தீ என்றால் எங்கள் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

அதனால்தான் முன்பக்கக் கூரையை நீட்டிக் கட்டியபோது, இறவாரத்தில் அடிக்கிற பலகைகளைத் தீப்பிடிக்காத மரத்தில் வாங்க வேண்டும் என்று தேடினேன். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே கைமர நுனிகளை மறைத்து முன்னால் ஒரு பலகை, அடியில் ஒரு பலகை வரும். தேனிப் பக்கம் ஒரு மரக்கடையில் "தீப்பிடிக்காத மரம்" என்று போர்டே வைத்திருந்தார்கள். காட்டியது கேரளாவிலிருந்து வரும் ரப்பர் கட்டை. சின்னத் துண்டுகளைப் பல்லுப் பல்லாகக் கோத்து ஒட்டிய பலகை.

"சார், இது பிரஷர் போட்டு கெமிக்கல் ஏத்துன கட்டை. தீ கிட்டயே வராது" என்றார் கடைக்காரர். லைட்டரைத் தட்டிப் பலகையின் விளிம்பில் பத்து விநாடி பிடித்தார். கருகியது, பற்றவில்லை. நான் நம்பிவிட்டேன். சாதாரணப் பலகை ரன்னிங் அடி 180 ரூபாய், இது 290. மொத்தம் 240 அடி. அதாவது தீப்பிடிக்காது என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் 26,400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.

எங்கள் ஆசாரி அண்ணன் பலகையைக் கையில் எடுத்ததுமே சொன்னார்: "தம்பி, ரப்பர் கட்டை வீட்டுக்குள்ள ஷெல்ஃபுக்கு ஆகும். மழையில நிக்காது." கடைக்காரரிடம் போனில் கேட்டேன். கெமிக்கல் ஏற்றியதால் ஒன்றும் ஆகாது என்றார். சரி என்று அடிக்கச் சொன்னேன்.

இரண்டு ஐப்பசி மழை போனது. பலகை அங்கங்கே வளைந்தது. மூட்டுகளில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஒரு மாவு. அதைத் துடைத்துவிட்டு விட்டுவிட்டோம்.

போன மார்ச்சில் ஒரு மத்தியானம் சரிவில் தீ இறங்கியது. வீட்டை அது நெருங்கவே இல்லை, வேலிக்கு மேலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கும் அதற்கும் 60 அடியாவது இருக்கும். ஆனால் காற்றில் பொறி பறந்தது. ஓட்டின் ஓரம் மழைத்தண்ணீர் வடிகிற தகரத் தொட்டியில் மாஞ்சருகு கிடந்தது. அதில் பொறி விழுந்து புகைந்து, பக்கத்தில் இருந்த முன்பலகையைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தோப்புப் பெரியப்பா பார்த்துச் சத்தம் போட்டார். மோட்டாரைப் போட்டு, சொட்டுநீர்க் குழாயைப் பிடுங்கித் தண்ணீர் அடித்து அணைத்தோம். அணைந்துவிட்டது என்று நினைத்தோம். ராத்திரி பத்து மணிக்கு மூட்டுக்குள்ளிருந்து மறுபடியும் புகை வந்தது. 12 அடிப் பலகையும் மூன்று கைமர நுனிகளும் கரியாயின. அம்மா உள்ளேதான் படுத்திருந்தார். அந்தச் சமயத்தில் நாங்கள் போடிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நான் சொன்னது கரையானுக்கும் வண்டுக்கும் சார். தீக்குன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். "ட்ரீட்டட் உட், 240 அடி" என்பதோடு சரி.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். ரப்பர் மரத்தை வெட்டியதும் பூச்சியும் பூஞ்சையும் பிடிக்கும். அதனால் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை அதில் ஏற்றியே விற்கிறார்கள். இதே போரான் உப்பு தீயையும் மட்டுப்படுத்தக் கூடியதுதான். ஆனால் அதற்கு மரத்துக்குள் ஏற வேண்டிய அளவு பூச்சிக்கு ஏற்றுவதைப் போலப் பல மடங்கு. அப்படி ஏற்றினாலும் அது தண்ணீரில் கரைகிற உப்பு, வெளியே மழையில் நனைய நனைய வடிந்துவிடும். நாங்கள் துடைத்த வெள்ளை மாவு அதுதான். இன்னொரு வகை, தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய பச்சை நிறக் கட்டை. அதுவும் கரையானுக்குத்தான். தீப்பிடித்தால் சுடர் அணைந்த பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதன் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைக்கவே கூடாது, சாம்பலில் ஆர்சனிக் நிற்கும்.

லைட்டர் வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கால் அங்குலப் பலகை எதையுமே பத்து விநாடியில் லைட்டரால் லேசில் பற்றவைக்க முடியாது. வீட்டில் மிஞ்சிய துண்டை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, அடுப்புத் தணலில் வைத்துப் பார்த்தேன். சாதா விறகைப் போலவே எரிந்தது. ஆசாரி அண்ணன் கொடுத்த வைரம் பாய்ந்த வேங்கைத் துண்டும் கடைசியில் எரியத்தான் செய்தது, ஆனால் ரொம்ப நேரம் மேலே கரிதான் கட்டியது. இது ஆய்வகச் சோதனை இல்லை. ஆனாலும் (அந்தப் பச்சை நிறக் கட்டையைத் தவிர) வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள், தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

காட்டுத்தீ அதிகமுள்ள நாடுகளில் இதை முறையாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வெளிப்புறத்துக்கென்று விற்கும் தீத்தடுப்பு மரத்தை முதலில் வாரக்கணக்கில் நனைத்துக் காயவைத்து, அதற்குப் பிறகே தீச்சோதனை செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3959 விதியில், மருந்தே ஏற்றாமல் காட்டுத்தீயைத் தாங்கும் என்று பட்டியலிட்டிருக்கிற கட்டைகள் ஏழே ஏழு. பிளாக்பட், மெர்பாவ், ஸ்பாட்டட் கம் மாதிரி அடர்த்தியான வகைகள். தேக்கு கூட அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் தீத்தடுப்புப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 5509 என்ற தரம் இருக்கிறது. கடையில் ஐ.எஸ். 710 முத்திரையைக் காட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். அது மரைன் பிளைவுட், தண்ணீருக்கானது, தீயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 5509 பலகையானாலும் வெளியே மழையில் வைக்கலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது இறவாரம் முழுக்க மரத்தை எடுத்துவிட்டு சிமெண்ட் ஃபைபர் போர்டு அடித்திருக்கிறோம். அது எரியாது. அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் வெளியே வைத்து, முகமூடி போட்டு அறுத்தார்கள். பிளாஸ்டிக் கலந்த பலகையும் ஒருவர் காட்டினார், சூட்டில் இளகித் தொங்கி உள்ளே வழி விட்டுவிடும் என்பதால் வேண்டாம் என்றோம். கூரை இடுக்குகளில் நெருக்கமான கம்பி வலை வைத்தோம். சுவரை ஒட்டி ஐந்தடிக்குச் சருகு, விறகு எதுவும் இல்லாமல் வைக்கிறோம். தகரத் தொட்டியை மாசி பிறந்தால் வாரம் ஒருமுறை நானே ஏறி வழிக்கிறேன்.

கடைக்காரர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசினால் வழி சொல்கிறார்கள். என் கையில் இருப்பது அந்தப் பில்லும், கருகிய பலகையின் போட்டோவும், கடை வாசலில் தொங்கும் போர்டின் போட்டோவும்தான். பில்லில் "தீத்தடுப்பு, வெளிப்புற உபயோகத்துக்கு" என்று நாலு வார்த்தை எழுதி வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்று வக்கீல் சொன்னார்.

அந்தப் போர்டு இன்னும் தொங்குகிறது. சித்திரைக்குள் வீட்டு வேலையை முடிக்க வேண்டும் என்று முந்தல் பக்கம் இரண்டு மூன்று பேர் அதே கடையில் கட்டை பார்த்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இதை எழுதினேன். என்னிடம் இன்னும் நான்கடித் துண்டு ஒன்று மிச்சம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் யார் வந்தாலும் அதை அடுப்பில் வைத்துக் காட்டுகிறேன்.