கிளட்ச் மாற்றிய பிறகு லைட் மங்குதா? வண்டியை யாரிடம் விடலாம்

கிளட்ச் போட்டு வந்த மறுநாளே ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறும். பம்பர் கழற்றி மாட்டிய வண்டியில் ஹார்ன் அடிக்காது. ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவருக்கு அப்போது மூன்று வழி: வேலை பார்த்த அதே பட்டறை, ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், கம்பெனி சர்வீஸ் சென்டர். யாரிடம் காசு குறைவு என்று பார்ப்பதற்கு முன், மெக்கானிக் கை எங்கே பட்டது என்று பாருங்கள்.

கை பட்ட இடத்திலேயே கோளாறு என்றால் அதே பட்டறைதான். எந்த போல்ட்டைக் கழற்றினார், எந்த சாக்கெட்டைப் பிடுங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். கியர்பாக்ஸை ஏற்றும்போது எர்த் பட்டையை (இன்ஜினை பேட்டரி நெகட்டிவோடு சேர்க்கும் கனத்த ஒயர்) மறந்துவிடுவதும், பெயின்ட் மேலேயே முறுக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிற தப்பு. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் கிடைத்த வழியில் பாயும்; ஆக்சிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சூடாகிப் புகையும். ஆனால் போனதும், "பேட்டரி வீக்கு, மாத்திடுங்க" என்று பேச்சு வரலாம். அதனால் அளந்துகொண்டு போங்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டில். கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப் லூஸாக இருப்பது தெரியாமல் போகும். சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் பட்டையைத் தேடுங்கள். அதே நேரம் பேட்டரியின் இரண்டு தண்டுகளுக்கு நடுவே 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால், புது பேட்டரிப் பேச்சை ஒத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேலும் பெரும்பாலும் பழி இல்லை.

கை படாத இடத்திலோ, பழைய உப்பு அரிப்பாலோ கோளாறு என்றால் ஊர் எலக்ட்ரீஷியன். இந்தக் கரையில் இவர்தான் அதிகம் தேவைப்படுவார். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பாம்பன் பாலம் தாண்டுகிற வண்டியிலும், தனுஷ்கோடி போய்வரும் டாக்சியிலும் சாக்கெட்டுக்குள் உப்பு ஏறியிருக்கும். அசைக்காதவரை ஓடும். இழுத்து மாட்டியதும் காய்ந்த ரப்பர் சீல் பிளந்து, பச்சைக் களிம்பு பிடித்த பின்னில் காண்டாக்ட் விட்டுவிட்டுக் கிடைக்கும். மீன் பெட்டி ஏற்றும் வண்டியில் ஐஸ் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கி டெயில் லைட் ஒயரை அரித்திருக்கும்; அதைப் பம்பர் மாட்டியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இவரிடம் கவனிக்க வேண்டியது ஒயரை இணைக்கும் ஒட்டு. முறுக்கி டேப் சுற்றினால் உப்பு ஈரம் உள்ளே ஏறி, ஒயரின் தோலுக்கு அடியிலேயே செம்பு கறுக்கும். ஈயப் பற்று வைத்து, உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடச் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர் இருந்த இடத்தில் மஞ்சள் 20 உட்கார்ந்திருந்தால், அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக்), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு எரிந்தால் கம்பெனிதான். வாரண்டி உள்ள வண்டிக்கு எதுவானாலும் அங்கேதான். சீட்டைக் கழற்றி மாட்டியபின் ஏர்பேக் விளக்கு வந்தால், சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்ப் வைக்க விடாதீர்கள். பை வெடித்து விரியலாம். பேட்டரி கழற்றியபின் கதவுக் கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாதது கோளாறே இல்லை, பல வண்டிகளில் சுவிட்சைச் சில விநாடி பிடித்தாலே சரியாகும். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

கம்பெனியில் குறை, எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்றச் சொல்வது. வோல்ட்டேஜ் குறைந்தாலே ஸ்கேனரில் பல எரர் கோடுகள் (கோளாறு எண்கள்) விழும். "அந்த யூனிட்டுக்கு வரும் பவரையும் எர்த்தையும் அளந்தீர்களா?" என்று கேளுங்கள். கோடுகளை அழிக்கும் முன் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அழித்தபின் பழைய பட்டறைக்காரரிடம் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.