ஒரே விசைகள், வேறு வேறு விடைகள்: டிஐ-84 பிளஸுடன் ஆறு வருடங்கள்

வரைபடம் போடுவதற்காகத்தான் டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரை வாங்கினேன். ஆறு வருடமாக தினமும் கையில் இருக்கிறது. இன்றைக்கு யாராவது இதைப் பற்றிக் கேட்டால் முதலில் அமைப்புகளை மாற்றும் மோட் திரையைத் திறந்து காட்டுவேன், வரைபடமெல்லாம் அப்புறம்தான்.

வாங்கிய புதிதில் சைன் 30 தட்டினேன். 0.5 வர வேண்டிய இடத்தில் -0.988 வந்தது. கோணத்தின் அலகு டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருந்திருக்கிறது. சரி, டிகிரிக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து, சைனின் வகைக்கெழுவை பூஜ்யத்தில் கேட்டபோது 1 வராமல் 0.01745 வந்தது. அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். π-ஐ 180ஆல் வகுத்தால் கிடைப்பது அது! அன்றிலிருந்து ரேடியனை விட்டு நகர்வதில்லை. டிகிரி தேவைப்படும் கணக்கில் மட்டும் ஆங்கிள் மெனுவிலிருந்து டிகிரிக் குறியை எடுத்து எண்ணுக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். மோடை மாற்றவும் வேண்டாம், திரும்ப மாற்ற மறக்கவும் வேண்டாம்.

கோவைகளைத் திரையில் காட்டும் இரண்டு முறைகளான மேத்பிரிண்டா கிளாசிக்கா என்பதில் எனக்கு மனம் மாறிக்கொண்டே இருந்தது. மேத்பிரிண்டில் பின்னமும் அடுக்கும் நோட்டில் எழுதுவதுபோலவே தெரிகின்றன, கண்ணுக்கு நிம்மதி. ஆனால் அடுக்கு விசையை அழுத்தியதும் கர்சர் மேலே ஏறிவிடும். வலது அம்புக்குறியைத் தட்டி இறங்காவிட்டால் அடுத்துப் போடும் கூட்டலும் அடுக்கிலேயே சேர்ந்துகொள்ளும். 2, அடுக்கு, 3, அடுக்கு, 2 என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். மேத்பிரிண்டில் 512. கிளாசிக்கில் இடமிருந்து வலமாகப் போவதால் 64. நீளமான கோவைகளுக்கு நான் கிளாசிக்கில்தான் நிற்கிறேன். அடைப்புக்குறிகளை நானே போடுவதால் எது எதோடு சேர்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

மைனஸ் விசை இரண்டு இருப்பது புதியவர்களைக் கட்டாயம் தடுமாற வைக்கும். வரியின் தொடக்கத்தில் கழித்தல் விசையை அழுத்தினால் முந்தைய விடையிலிருந்து கழிக்கத் தொடங்கிவிடும். எதிர்ம எண்ணுக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும் மைனஸ்தான். அதைச் சரியாகப் போட்டாலும் -3இன் வர்க்கத்துக்கு -9 வரும், ஏனென்றால் அடுக்குதான் முதலில் நடக்கிறது. -3ஐ அடைப்புக்குறியில் போட்டால்தான் 9.

எனக்கு மிகவும் பிடித்தது கலப்பெண் மோட். மெய்யெண் மோடில் -4இன் வர்க்கமூலம் கேட்டால் பிழைச் செய்தி; கலப்பெண் மோடில் 2i (i என்பது -1இன் வர்க்கமூலம்). -8ஐ அடைப்புக்குறியில் போட்டு மூன்றில் ஒன்று அடுக்குக்கு உயர்த்தினால் முதலாவதில் -2, இரண்டாவதில் 1+1.732i. இரண்டும் சரியான கனமூலங்களே. எனக்கு எது தேவை என்பதை மோடில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போலார், பாராமெட்ரிக் என்ற வரைபட மோடுகளில் சிரமமில்லை. மாறிக்கான விசை ஒன்றேதான், மோடுக்கு ஏற்றபடி எக்ஸோ டீயோ தீட்டாவோ தானாகவே வரும். தசம இடங்களை இரண்டாகக் குறைத்து வைத்தாலும் பயமில்லை. திரையில் காட்டுவது மட்டும்தான் சுருங்குகிறது, உள்ளே எண் முழுசாக இருக்கிறது.