52எக்ஸ்னு மூஞ்சில எழுதிருக்கு, உள்ள என்ன ஓடுது? மூணு சிடி டிரைவ டெஸ்ட் பண்ணிப் பாத்தது

முதல்லயே தீர்ப்ப சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். வீட்ல கெடக்குற பழைய சிடியெல்லாம் ஹார்ட்டிஸ்க்ல ஏத்தணும்னா டெஸ்க்டாப் கேபினெட்ல மாட்டுற பெரிய சைஸ் சாட்டா (இப்ப மதர்போர்டுல இருக்கற கேபிள் டைப்) டிவிடி ரைட்டர் ஒண்ணு தேத்துங்க, யூஎஸ்பில சொருகுற ஒல்லி டிரைவ் நல்ல சிடிக்கு மட்டும் ஓகே, அந்த காலத்து 52எக்ஸ் (எக்ஸ்ங்கறது வேகக் கணக்கு, கீழ சொல்றேன்) சிடி-ரோம் எங்கயாவது கெடச்சா நம்பர பாத்து மயங்கிடாதீங்க.

எடுத்துகிட்டது மூணு. ஒண்ணு ஐடிஇ (சாட்டாவுக்கு முன்னாடி இருந்த பட்டை கேபிள் டைப்) சிடி-ரோம், 52எக்ஸ், முன்னாடி ஹெட்போன் ஓட்டை, பக்கத்துல வால்யூம் சக்கரம், பின்னாடி மாஸ்டர் ஸ்லேவ் ஜம்பர் எல்லாம் இருக்கற அந்த காலத்து டைப், இத 12 வோல்ட் அடாப்டரோட வர்ற ஐடிஇ-யூஎஸ்பி கன்வர்ட்டர்ல மாட்டி ஓட்டுனேன். ரெண்டாவது சாட்டா டிவிடி ரைட்டர், சிடிக்கு 48எக்ஸ், மதர்போர்டுலயே நேரா மாட்டியாச்சு. மூணாவது யூஎஸ்பி ஒல்லி டிரைவ், 24எக்ஸ், ஆன்லைன்ல ரெண்டாயிரத்து சொச்சத்துக்கு வாங்குனது. பிராண்ட் பேரு போடல, போட்டும் பிரயோஜனம் இல்ல, வெளில ஒட்டியிருக்க பேரு ஒண்ணு, உள்ள இருக்கற மெக்கானிசம் வேற ஒருத்தன் செஞ்சதுன்னு நெறைய டிரைவ் இருக்கு. விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல போய் பாருங்க, ஹெச்எல்-டிடி-எஸ்டின்னு வந்தா ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேந்து ஆரம்பிச்ச கம்பெனி, டிஎஸ்எஸ்டிகார்ப்னு வந்தா தோஷிபா-சாம்சங், பிஎல்டிஎஸ்னா பிலிப்ஸ்-லைட்டான், மட்ஷிட்டான்னா பானாசோனிக். வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய பேரு இதுதான், டப்பா மேல இருக்கறது இல்ல.

இப்ப எக்ஸ் கணக்கு. 1எக்ஸ்னா செகண்டுக்கு 150 கேபி, பாட்டு சிடி ஓடற வேகம், செகண்டுக்கு 75 செக்டர் (சிடில டேட்டாவ பிரிச்சு வச்சிருக்கற துண்டு), ஒரு செக்டர்ல 2048 பைட் டேட்டா. அப்ப 52எக்ஸ்னா 7800 கேபி, சரியா? சரிதான், ஆனா சிடியோட வெளி ஓரத்துல மட்டும். சிடில டேட்டா உள்ளருந்து வெளிய எழுதறான், இந்த ஸ்பீட் டிரைவெல்லாம் தட்ட ஒரே வேகத்துல சுத்துது, உள்பக்கம் ஒரு சுத்துக்கு கம்மி டேட்டாதான் லென்ஸ தாண்டும், வெளி ஓரத்துல ரெண்டு மடங்குக்கு மேல தாண்டும். அதனால 52எக்ஸ் டிரைவ் ஆரம்பத்துல 22 கிட்டதான் ஓடும். நீங்க வச்சிருக்கற சிடில பாதிதான் ரொம்பிருக்குன்னா, 350 எம்பி மாதிரி, 40எக்ஸ தாண்டவே தாண்டாது, அந்த 52ங்கறது உங்க கண்ணுலயே படாது. டப்பால மேக்ஸ்னு குட்டியா ஒரு வார்த்த போட்டிருப்பான், மொத்த சூட்சுமமும் அதுக்குள்ளதான்.

இதுல 90கள் கடைசில கென்வுட் ஒரு வேல பண்ணான், ட்ரூ எக்ஸ்னு, 72எக்ஸ் வரைக்கும் வந்துச்சு. ஒரே லேசர ஏழு கதிரா பிரிச்சு ஏழு ட்ராக்க ஒண்ணா படிக்கறது, அதனால தட்ட பேய் மாதிரி சுத்த வேண்டியதில்ல, உள்ள வெளிய எங்க படிச்சாலும் வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நல்ல மூளை, ஆனா நெலைக்கல.

சரி டெஸ்டுக்கு வருவோம். நீரோ டிஸ்க்ஸ்பீடுன்னு பழைய டூல் ஒண்ணு இருக்கு, முன்னாடி பேரு சிடி ஸ்பீட், அதுதான் இன்னைக்கும் எனக்கு பிடிச்சது, சிடிய போட்டு ஸ்டார்ட் அமுக்குனா கோடு ஒண்ணு எடது பக்கத்துலருந்து மெதுவா மேல ஏறும். 80 நிமிஷ சிடி ஒண்ணு, கீறல் இல்லாதது, கடைசி வரைக்கும் ரொம்புனது, அத மூணுலயும் ஓட்டுனேன். 52எக்ஸ்காரன் 22ல ஆரம்பிச்சு 50க்கு மேல போய் ரெண்டு நிமிஷம் பத்து பதினஞ்சு செகண்ட்ல முடிச்சான். 48காரன் 20ல ஆரம்பிச்சு 48ல முடிச்சான், அவனுக்கும் ரெண்டே கால் நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான் வித்தியாசம். ஒல்லி டிரைவ் 10ல ஆரம்பிச்சு 24, நாலரை நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கோடு வழவழன்னு ஏறுனா டிரைவும் நல்லாருக்கு சிடியும் நல்லாருக்கு. நடுவுல குழி குழியா விழுந்தா அந்த எடத்துல ஸ்பீட கொறச்சு திரும்பத் திரும்ப படிக்குதுன்னு அர்த்தம். பழைய எக்ஸ்பி மெஷின்ல டெஸ்ட் பண்றவங்களுக்கு இன்னொண்ணு, கோடு ஏறவே ஏறாம கீழயே தட்டையா படுத்துகிட்டு சிபியூ மட்டும் எகிறுச்சுன்னா டிரைவ திட்டாதீங்க, விண்டோஸ் டிஎம்ஏவ (டேட்டா நேரா ரேமுக்கு போற வேகமான வழி) விட்டு பிஐஓ மோடுக்கு (எல்லாத்தையும் சிபியூவே தூக்கற மெதுவான வழி) எறங்கியிருக்கும், ஐடிஇ கேபிள மாத்திட்டு டிவைஸ் மேனேஜர்ல அந்த சேனல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க.

டூல் இல்லாம ஃபைல் காப்பி பண்ணி டைம் பாக்கறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும், ரெண்டாவது வாட்டி அதே ஃபைல காப்பி பண்ணா அது சிடிலருந்து வரல, ரேம்லருந்து வருது. சிடிய வெளிய எடுத்து திருப்பி போட்டுட்டு ஓட்டுங்க. இல்லன்னா 200எக்ஸ்னு கணக்கு வரும், ஊரெல்லாம் சொல்லிட்டு திரிவீங்க.

ஸ்பீட விட தெனப்படி வேலைல உறைக்கறது ஆக்சஸ் டைம், அதாவது லென்ஸ் ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு தாவற நேரம். பெரிய டிரைவ் ரெண்டும் 100 மில்லிசெகண்ட் பக்கத்துல இருந்துச்சு, ஒல்லி டிரைவ் 150 பக்கம். படிச்சா சின்ன நம்பர். ஆனா பழைய புத்தக சிடி, கம்ப்யூட்டர் மேகசின் கூட வந்த சிடி இதுலலாம் ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஹெச்டிஎம்எல், ஜிஃப் ஃபைலா கெடக்கும், ஒவ்வொண்ணுக்கும் தாவித் தாவி எடுக்கும்போது எல்லா டிரைவும் 2எக்ஸ் 3எக்ஸுக்கு வந்துருது. இதுக்கு வைத்தியம் ஒண்ணுதான், ஃபைல் ஃபைலா காப்பி பண்ணாம முழு சிடியையும் ஐஎஸ்ஓ இமேஜா, அதாவது சிடியோட அச்சு அசல் நகலா ஒரே ஃபைலா எடுத்துடறது. நேரா ஒரே ஓட்டமா படிச்சிட்டு போயிரும், பிரிக்கறத அப்பறம் ஹார்ட்டிஸ்க்ல வச்சு பிரிச்சுக்கலாம்.

இது வரைக்கும் நல்ல சிடி. யாரும் நல்ல சிடிக்காக டிரைவ் தேடறதில்ல, சரியா. அடுத்து போட்டது கல்யாண போட்டோ சிடி. தெரியும்ல, ஸ்டுடியோக்காரங்க மாப்ள பொண்ணு போட்டோவ பேப்பர் ஸ்டிக்கர்ல அடிச்சு சிடி மேல ஒட்டி குடுப்பாங்களே அது. இந்த ஸ்டிக்கர் ஒரு பக்கமா தூக்கிட்டு நின்னா, இல்ல ஒட்டும்போதே கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தா, தட்டு பேலன்ஸ் இல்லாம ஆடும். 52எக்ஸ்ல போட்டேன், மிக்சில தேங்கா சில்லு மாட்டுன மாதிரி ஒரு சத்தம், டேபிளே அதுருது, ஒரு நிமிஷம் சுத்தும், நிக்கும், திருப்பி முழு வேகம் எடுக்கும், திருப்பி நிக்கும். இந்த டிரைவோட குணமே அதுதான், முடியலன்னாலும் வேகத்த கொறைக்க தெரியல. சாட்டா ரைட்டர் ரெண்டு தடவ முக்கிட்டு தானா கீழ எறங்கி ஒரே சீரா படிக்க ஆரம்பிச்சிருச்சு, நேரம் ஆச்சு ஆனா கடைசி போட்டோ வரைக்கும் வந்துச்சு. இந்த மூணையும் வச்சு நான் மார்க் போட்டா இந்த ஒரு விஷயத்துக்குத்தான் போடுவேன், எவ்ளோ சீக்கிரம் தோத்துட்டேன்னு ஒத்துகிட்டு கியர் எறக்குது அப்டிங்கறது.

ஒல்லி டிரைவ் அந்த ஸ்டிக்கர் சிடில பரவால்ல, ஏற்கனவே மெதுவா சுத்தறதால ஆட்டம் கம்மி. ஆனா கீறல் சிடில சீக்கிரம் கைய விரிச்சிருது, ரீட் எரர்னு சொல்லிட்டு போயிட்டே இருக்கும். லினக்ஸ்ல இஜெக்ட் கமாண்டுல எக்ஸ் ஆப்ஷன் வச்சு 8எக்ஸ்னு கட்டிப் போட்டா கொஞ்சம் மேல படிச்சுது.

இங்க ஒரு வித்தை இருக்கு, இதுக்காகவே மூணு டிரைவும் வச்சுக்கலாம். டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம், அது எந்த செக்டர் படிச்சாச்சு எது வரலன்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும். ஒரு டிரைவ்ல வரலன்னா அதே சிடிய அடுத்த டிரைவ்ல போட்டு அதே மேப் ஃபைல குடுங்க, விட்டுப்போன செக்டர மட்டும் போய் படிக்கும். ஒவ்வொரு டிரைவும் ஒவ்வொரு எடத்துல தோக்குது, ஒல்லி டிரைவால முடியாதத 52காரன் படிச்சான், அவன் விட்டத சாட்டா படிச்சுது. பழைய பாட்டு எம்பி3 சிடி ஒண்ணு, தனித்தனியா எந்த டிரைவ்லயும் முழுசா வராதது, இப்டி மூணையும் சுத்தி வந்து சேந்துச்சு. வேகமாவது மண்ணாவதுன்னு அப்ப தோணுச்சு. இது டேட்டா சிடிக்குதான், விசிடிக்கு, அதாவது படம் பாக்கற வீடியோ சிடிக்கு இல்ல.

விசிடி தனி கத. சாதா டேட்டா செக்டர்ல 2048 பைட் டேட்டா போக 276 பைட் தப்பு திருத்தறதுக்குன்னு வச்சிருப்பான், விசிடில படம் நெறைய அடைக்கணும்னு அத தூக்கிட்டு 2324 பைட்டுமே படத்துக்கு குடுத்துட்டான். அதனால அதே கீறல் விசிடில அதிகமா உறைக்கும். எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள்ள ஏவிசீக்01 டாட் ஃபைல இழுத்து போட்டு 90 சதவீதத்துல சைக்ளிக் ரிடண்டன்சி எரர் (படிச்ச டேட்டா தப்புங்கற மெசேஜ்) வாங்காத தமிழன் யாராவது இருக்கீங்களா? இதுக்கு ஐசோபஸ்டர் மாதிரி செக்டர் செக்டரா எடுக்கற டூல்தான் வேணும், நடுவுல நாலு கட்டம் ஒடஞ்சு தெரியும் ஆனா படம் தப்பிச்சிரும். பாட்டு சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு டூல், அது பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க.

சாட்டா டிரைவ் வாங்குன கத. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய பார்ட்ஸ் போட்டிருக்கற கடைல கேட்டேன், "அண்ணே சிடி டிரைவா, எடை போட்டு தரவா?"ன்னு சிரிக்கறாப்ல. 300 ரூபாய்க்கு ஒண்ணு எடுத்தேன், ஆனா அங்கயே டெஸ்ட் பண்ணி காட்டச் சொல்லித்தான் எடுத்தேன். இங்கதான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. டிவிடி டிரைவ்ல லேசர் ரெண்டு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் செவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர் இன்ஃப்ராரெட். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். கடைல ஒரு டிவிடிய போட்டு படம் காட்டுவாங்க, சூப்பரா ஓடும், வீட்டுக்கு வந்து சிடி போட்டா டிஸ்க்கே இல்லன்னு சொல்லும். அதனால கைல மூணு எடுத்துட்டு போங்க, ஃபேக்டரில அடிச்ச சிடி ஒண்ணு, வீட்ல ரைட் பண்ண சிடி-ஆர் ஒண்ணு, கெடச்சா சிடி-ஆர்டபிள்யூ ஒண்ணு. ஆர்டபிள்யூல வெளிச்சம் திரும்பறதே கால்வாசிதான், தளர்ந்து போன லேசரா இருந்தா அதுலயே காட்டிக் குடுத்துரும். டிரைவ் முன்பக்கம் இருக்கற அந்த குண்டூசி ஓட்டைல ஊசிய விட்டு ட்ரேய வெளிய இழுத்து பெல்ட் இறுகியிருக்கான்னும் பாத்துக்குங்க.

ஒல்லி டிரைவ் வச்சிருக்கறவங்க கேபினெட் முன்னாடி போர்ட்லயோ ஹப்லயோ சொருகாதீங்க. யூஎஸ்பி 2.0 போர்ட் குடுக்க வேண்டியது 500 மில்லிஆம்ப்தான், தட்டு சுத்த ஆரம்பிக்கற அந்த நேரத்துல இது அதுக்கு மேல கேக்கும், கெடைக்கலன்னா டிக் டிக்குன்னு சத்தம் போட்டு டிஸ்கனெக்ட் ஆகி திருப்பி கனெக்ட் ஆகும். எனக்கு பின்னாடி மதர்போர்ட் போர்ட்ல மாத்துனதும் நின்னுச்சு. கூட வந்த கேபிள் ஒரு ஜாண் நீளந்தான், எக்ஸ்டென்ஷன் போட்டா அதே பிரச்சன திரும்ப வருது, இது ஒரு எரிச்சல்.

52எக்ஸ் டிரைவ்ல சிடி போடறதுக்கு முன்னாடி நடு ஓட்டைய சுத்தி வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. டப்பாலருந்து பிடுங்கி பிடுங்கி அங்க மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டிருக்கும். முழு வேகத்துல தட்டு நிமிஷத்துக்கு 10,000 சுத்துக்கு மேல போகுது, வெளி ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல, அந்த வெடிப்பு ஓரம் வரைக்கும் ஓடுச்சுன்னா சிடி உள்ளயே தூள் தூளா போயிரும், டிரைவும் அதோட சரி. அப்டி வெடிப்பு இருக்கறத எல்லாம் ஒல்லி டிரைவுக்கு தள்ளிட்டேன், 8எக்ஸ்ல கட்டிப் போட்டு.